மரத்தடியில் நிறுத்திய கார்

மார்ச் 4, செவ்வாய்

பல் தேய்த்துக்கொண்டே மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தால், எங்கள் வாசல் தூங்குமூஞ்சி மரத்தின் இடுப்பில் ஆரஞ்சு நிற வளையம். எதிர்ச்சாரியில் இருக்கும் இரண்டு மரங்களுக்கும் அதே பூச்சு. நகரசபை யாருக்கோ சாலை மரப் பராமரிப்பு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறதாம். பெயர் பராமரிப்பு, வண்டியில் இருப்பதெல்லாம் ரம்பம்.

மஞ்சள் ஹெல்மெட் போட்ட மேற்பார்வையாளரைப் பிடித்துக் கேட்டேன். "வேர் நடைபாதைக் கல்லைத் தூக்கிடுச்சும்மா. ஒரு அம்மா தடுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாங்க. புகார் வந்திருக்கு" என்றார்.

அந்த அம்மா வேறு யாருமில்லை, என் அக்கா. கீழ் வீட்டில் மாவுக்கட்டோடு காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். அவளே புகார் கொடுத்திருக்கிறாள், மாடியில் இருக்கும் என்னிடம் மூச்சு விடவில்லை.

மார்ச் 5

கேட்டேவிட்டேன். "ஆமா, நான்தான் போன் பண்ணேன். விழுந்தது நீயா, நானா?" என்றாள்.

"அதுக்காக மரத்தை வெட்டச் சொல்வியா?"

"கல்லைச் சரி பண்ணுங்கன்னுதான் சொன்னேன். மரத்தை வெட்டினாத்தான் சரியாகும்னா வெட்டட்டுமே! இன்னொரு தடவை விழ என்னால ஆகாது."

அவள் பேச்சில் நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

மார்ச் 8, சனி

தெருக்காரர்கள் கூடிப் பேசினோம். பக்கத்து வீட்டு மேனேஜர்தான் வழி சொன்னார். (பேங்கிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடம், இன்னும் மேனேஜர்தான்.) கீழே வண்டி நின்றால் ரம்பக்காரர்கள் கிளையில் கை வைக்கக் கூடாது, அது அவர்கள் விதி. ஆகவே மரத்துக்கு ஒரு கார். ஒரு கார் நகர வேண்டுமென்றால் இன்னொன்று வந்து அதே இடத்தில் நின்றாக வேண்டும். எங்கள் மரத்துக்கு என் ஓட்டைக் கார்.

மார்ச் 10

பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வேலைக்கு, மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் வந்தேன். என் கார் துரை மரத்தடியில் ஓய்வெடுக்கிறார். கூரை முழுக்கக் குருவி எச்சம். மேனேஜர் பார்த்து முகம் சுளித்தார். அவர் கார் புதுசு, வெயிலுக்கும் தூசிக்கும் உறை போட்டே வைத்திருப்பார்.

மார்ச் 12, புதன்

ரம்ப வண்டி வந்தது, காரைப் பார்த்தது, போய்விட்டது. திரும்ப எப்போது வரும்? கடையில் ஒருவருக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரி செய்கிறவள்! முதலாளி பார்த்த பார்வை போதும்.

மார்ச் 13

"நாளைக்குக் கட்டுப் பிரிக்கணும். கூட்டிட்டுப் போறியா?" என்றாள் அக்கா.

டாக்ஸி பிடிக்கலாம் என்றேன்.

"டாக்ஸில காலை நீட்ட முடியலடி. போன தடவை பட்டது போதும். உன் கார்லதான் சீட்டு நல்லா சாயும்." நான் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தேன். "உனக்கு நான் பெருசா, அந்த மரம் பெருசா?"

"நீதான்" என்றேன். ஆனால் அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது. அவள் முகம் வாடியதைப் பார்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

போய்விட்டது.

காலையில் நான் காரை எடுக்க, மேனேஜர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். கட்டுப் பிரித்து, அக்காவுக்குக் கைத்தடி வாங்கித் திரும்பினால் — தெரு முனையிலேயே தெரிந்துவிட்டது. அங்கே அவ்வளவு வானம் இருந்ததே இல்லை.

மேனேஜர் கண் கலங்கி நின்றார். "எச்சமா விழுதேன்னு கொஞ்சம் தள்ளி நிறுத்தினேம்மா. கொஞ்சம்தான். உள்ள போய்ட்டு வர்றதுக்குள்ள மேல ஏறி வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க..."

அவரை என்ன சொல்வது? திரும்பி அக்காவிடம், "உன்னாலதான். எல்லாம் உன்னாலதான்" என்று கத்திவிட்டேன், தெருவே பார்க்க. அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு தனியாகவே உள்ளே போனாள்.

மார்ச் 16

வெயில் அக்காவின் கட்டில் வரை வருகிறது. அவளாகக் கட்டிலை நகர்த்த முடியாது. என்னைக் கூப்பிடவுமில்லை. நானும் போகவில்லை. மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். அவளுக்குக் கேட்கும்.

மார்ச் 18, செவ்வாய்

மரம் போனது, தூக்கிக்கொண்டு நிற்கும் கல் மட்டும் அப்படியே இருக்கிறது. கீழே அக்கா நகரசபைக்கு போன் போட்டுப் போடு போடென்று போட்டாள். படியில் நின்று கேட்டேன்.

"என்னது? மரம் ஒரு காண்ட்ராக்ட், நடைபாதை வேற காண்ட்ராக்டா? அதுக்கு இன்னும் ஆளே எடுக்கலையா? அப்ப எதுக்குய்யா வெட்டினீங்க?"

எட்டிப் பார்த்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இறங்கிப் போய்க் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்க வரவில்லை. அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

மார்ச் 20

எதிர்ச்சாரி மரங்களுக்கு நாளை வருகிறார்களாம், ஆளில்லாத காரை இழுத்து ஓரம் போட்டுவிட்டு வெட்டுவார்களாம். எனக்கு லீவு கிடைக்காது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது படியில் டொக் டொக்கென்று கைத்தடிச் சத்தம். கம்பியைப் பிடித்து ஏறி, மூச்சு வாங்க நின்றாள்.

"காலையில காரைக் கொண்டு போய் எதிர்ல நிறுத்திட்டுப் போ. நான் உள்ள உட்கார்ந்துக்கறேன்."

"நாள் முழுக்கவா? உன் கால்..."

"அதான் சீட்டு நல்லா சாயுமே" என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

கடையில் நாள் முழுக்க மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தேன். இரண்டு மரங்களும் நிற்கின்றன. ஒன்றின் அடியில் மேனேஜரின் கார், உறையில்லாமல், உடம்பெல்லாம் எச்சமாக, உள்ளே அவர். இன்னொன்றின் அடியில் என் கார். காலை டேஷ்போர்டு மேல் போட்டுக்கொண்டு அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைத் தட்டினேன். விழித்து, இறக்கினாள்.

"இருட்டின பிறகும் வருவாங்களாம், மேனேஜர் சொன்னார். சாப்பாட்டை இங்கயே கொண்டு வந்துடு" என்றாள். நான் பாதித் தெரு தாண்டியிருப்பேன். பின்னாலிருந்து கத்தினாள்:

"நம்ம வாசல்ல அந்தக் கல்லு இருக்கு, பார்த்து நடடி!"