சார் மேஜையில் இருக்கும் பெண்

ஒரகடம், 2014 மார்ச், செவ்வாய்

ஃபாக்டரியில் எங்கள் லைனைப் பார்த்துக்கொள்ளும் ஜப்பான் சாரின் மேஜையில் ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. நீல உடையில், பனிக்கட்டி மேல் ஒற்றைக் காலில் நிற்கிறாள். எட்டு மாதமாக அவளைச் சாருடைய மகள் என்றே நினைத்திருந்தேன். "டாட்டர் நல்லாருக்காளா சார்?" என்று கேட்டால் "ஹை, ஹை" என்று தலையாட்டுவார். வேலை செய்கிற இடத்தில்கூட அவள் படத்தை அப்பா வைத்துப் பார்க்கிறாரே! தினமும் அவள்மேல் பொறாமைப்பட்டேன்.

இன்றும் அப்படிக் கேட்டதும், மொழிபெயர்க்கப் புதிதாக வந்திருக்கும் ரேவதி சிரித்துவிட்டாள்.

"ஐயே, அது அவர் பொண்ணு இல்லக்கா. ஐஸ்ல சறுக்கி ஆடுறவ. சின்ன வயசுலேர்ந்து மெடலா வாங்கினவ. போன மாசம் போட்டியில வுழுந்துட்டா. மறுநாளே வந்து ஆடி நாட்டையே அழ வச்சிட்டா."

"பெறவு சார் எதுக்கு ஆமான்னாரு?"

"ஹைன்னா எப்பவும் ஆமான்னு இல்லக்கா. நீ சொன்னது காதுல வுழுந்துச்சுன்னும் அர்த்தம்."

பொறாமை குறையும் என்று பார்த்தால் கூடிவிட்டது. அவள் விழுந்தால் ஒரு நாடே அழுகிறது. போன வாரம் ஓவர்டைமில் நான் மயங்கி விழுந்ததை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சாயங்காலம் தென்காசியிலிருந்து அப்பா போன் செய்தார்.

"எம்மா, ஒன் போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்பு."

கண்ணாடியைப் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டேன். "எதுக்குப்பா?" என்றேன்.

"தரகர் கேக்காரு."

"ம்" என்றேன். காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம்.