உமது குளியலறையில் நான் மாட்டிய கீசர்

சகலை,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளும். 'ழ' போடும்போது கை வரியை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. ஐம்பது வருஷம் பைப் ரிஞ்ச் பிடித்த கை. பேனாவையும் அப்படியே பிடிக்கிறது, காகிதம் கிழிகிறது. இந்தக் கடிதத்துக்கு நாலு நாளாவது ஆகும். ஆனாலும் எழுதுகிறேன், பார்த்தீரா. எழுபத்தொரு வயதில் உம் பெயரை என் கையாலேயே எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்ததும் அடுக்களைக்குப் போய் உம் வீட்டுக்காரி செல்லத்தாயின் அக்காளிடம், அதாவது என் வீட்டுக்காரியிடம், காட்டினேன். தோசை தீயுது, தள்ளி நில்லுங்க என்றாள்.

தாராவியில் எங்கள் கோயில் மண்டபத்தில் மாட்டுங்கா மாமி ஒருத்தி மத்தியானம் வந்து எழுத்து சொல்லித்தருகிறாள். படிக்கப் பழகிய பிறகுதான் ஒரு கஷ்டம் தெரிந்தது, படிக்க ஒன்றுமில்லை. பம்பாயில் பலகையெல்லாம் மராத்தியும் இந்தியும்தான். நாள்காட்டியைப் படித்தேன். முறுக்குப் பாக்கெட்டைப் படித்தேன். யார் வீட்டுக்குப் போனாலும் தமிழ்க் காகிதம் கிடைக்குமா என்று கண் தேடும்.

அப்படித்தான் இந்தச் சின்னப் புத்தகம் அகப்பட்டது. செம்பூரில் உம் வீட்டுப் பரணில், கேஸ் கீசர் வந்த அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. இப்போது இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, கரப்பான் வாடை அடிக்கிறது. புரட்டினால் ஏதேதோ பாஷைகள், கடைசிக்கு முந்தின தாளில் நம் எழுத்து. கூட்டத்தில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம். அங்கேயே தரையில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தேன்.

அந்த வீடு உமக்குக் கிடைத்தபோது ஞாபகம் இருக்கிறதா? ஏழாவது மாடி, அதற்கு மேலே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது, தண்ணீருக்கு என்ன குறை என்று எல்லாரும் சொன்னார்கள். நமக்குத் தெரியும், உயரத்திலிருந்து விழுந்தால்தான் தண்ணீருக்கு வேகம். கீழ் மாடிக்காரனுக்கு அருவி, உமக்கு நூல். மாட்டுங்காவில் எத்தனை வீட்டுக்கு நாம் இரண்டு பேரும் ஷவர் மாட்டினோம். ஒரு நாளாவது நாம் அதன் கீழே நின்றதில்லை. உமக்கு அந்த ஒரு ஆசைதான்.

"என்னவே சகல, உம்ம தொழிலு அடுத்தவன் வீட்லதான் பாயுமோ?" என்று கேட்டீர். எனக்குச் சுருக்கென்றது.

கேஸ் கீசர் வாங்கினோம். அது பற்றிக்கொள்ளவே தண்ணீருக்கு வேகம் வேண்டும். தொட்டியிலிருந்து முக்கால் இஞ்சில் தனிக்குழாய் இழுத்தேன். கீசரை வெளியே பால்கனியில் மாட்டும்படி கடைக்காரன் வாயால் சொன்னான். அங்கேயிருந்து ஷவருக்கு வர நாலு எல்போ வளைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீர் கொஞ்சம் சாகும். அதைக் கண்ணால் பார்க்கிறவன் நான், கடைக்காரன் சொல்லையா கேட்பேன்? உள்ளேயே, ஷவருக்கு நேர் மேலே மாட்டினேன். எல்போவே கிடையாது. முதல் நாள் நீர் உள்ளேயிருந்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தீர்: "வே, முதுகுல அடி விழுது வே." நான் வெளியே நின்று சிரித்தேன். மூன்று வருஷமாக எங்கே ஷவர் திறந்தாலும் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது.

அடுத்த மார்கழியில் ஒரு காலை செல்லத்தாய் போன் பண்ணினாள். கதவை உடைத்தது நான்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கீசர் எரிந்துகொண்டிருந்தது, நீர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தீர். உம்மைத் தூக்கிய கொஞ்ச நேரத்தில் எனக்கே தலை கிறுகிறுத்தது. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் மாரடைப்பு என்றார். எல்லாரும் அப்படியே சொன்னோம்.

இந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'இதைக் குளியலறைக்குள் பொருத்தக் கூடாது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் இதிலிருந்து வரும் நச்சு வாயுவால் உயிருக்கு ஆபத்து.' மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் அதேதான் வந்தது.

அந்தக் கீசர் இன்னும் அங்கேதான் தொங்குகிறது, சகலை. செல்லத்தாய் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அதில்தான் குளிக்கிறாள்.

உடனே எழுந்துபோய் சிலிண்டரை மூடினேன். வாஷர் போய்விட்டது, ஒரு வாரம் தொடாதே என்று சொன்னேன். மறுநாளே கடைக்குப் போனேன். மூன்று லிட்டர் கரண்ட் கீசர் வாளிக்குத்தான் சரி, ஷவருக்கு ஆகாது. பதினைந்து லிட்டர் தொட்டி கீசர் எடுத்தேன். கேஸ் போல அது வேகம் கேட்காது, வருகிற தண்ணீரைச் சூடாக்கித் தரும். வேகத்துக்கு மொட்டைமாடியில் ஒரு சின்ன பம்ப். பம்ப் தள்ளுகிற அழுத்தத்தை அந்தத் தொட்டி தாங்குமா என்று கேட்டு, பெட்டியில் போட்டிருந்ததைக் காட்டச் சொல்லி வாங்கினேன்.

அவள் பழையதைக் கழற்ற விடவில்லை. "அவுக ஆசப்பட்டு வாங்கினது, அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றாள். பிரஷர் பத்தாது, இனிமேல் பற்றாது என்று பொய் சொன்னேன். ஸ்க்ரூவைத் திருகும்போது என் சட்டைப்பையிலிருந்து இந்தப் புத்தகம் விழுந்தது. எடுத்துக் கொடுத்தவள், "இதுலதான படிச்சிக்கிட்டு இருந்திய. என்ன போட்டிருக்கு, வாசிங்க அத்தான்" என்றாள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. நான் என்ன வாசித்தாலும் அவளுக்கு அதுதான். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இந்த வயதில் கிடைத்த எழுத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வாய் வரவில்லை. ஸ்டூலை விட்டு இறங்கி அந்த இரண்டு வரியையும் வாசித்தேன். அதை உள்ளே மாட்டியது நான் என்றும் சொன்னேன்.

அவள் குளியலறை ஜன்னல் பக்கம் போனாள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் கண்ணாடிப் பட்டையில அட்டைய வச்சு அடச்சது நானுல்லா அத்தான். அந்த மார்கழியில அவுகளுக்குக் கூதக்காத்து அடிக்கின்னு."

இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த அட்டையைப் பிய்த்து எடுத்தோம். புதுக் கீசரை மாட்டினேன், பம்ப் ஓடியது, தண்ணீர் நன்றாக விழுந்தது. அவள் அதன் கீழே கையை நீட்டிப் பார்த்துவிட்டு மூடினாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "எழுதப் படிச்சிட்டியள்லா. அவுகளுக்கு ஒரு காயிதம் எழுதுங்க. உங்க பங்க நீங்க எழுதுங்க. எம் பங்க நான் சொல்லுதேன்" என்றாள்.

என் பங்கு இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் தாராவிக்கு வருகிறாள். அவள் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதுகிறேன். அதையும் கேட்டுவிட்டு உமக்குத் தோன்றுவதைச் சொல்லும். அதற்கு முன்னால் என்னை மட்டும் மன்னித்துவிடாதீர்.