டிக்கியில் ஆறு மூட்டை மணல்

சான்-ஃபிர்மன், ஏப்ரல் 9

அன்பு மகள் ஓடிலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சுகம், என் கழுத்தைத் தவிர. அதுவும் இப்போது முக்கால்வாசி திரும்புகிறது, மீதிக் கால்வாசிக்கு உடம்போடு சேர்த்துத் திருப்பிக்கொள்கிறேன். டக்கார் வெயிலில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான்கு மாதமாக அப்பா ஒரு வரிகூட எழுதவில்லை என்று அம்மாவிடம் போனில் குறைபட்டுக்கொண்டாயாம். அதற்குக் கழுத்து காரணமில்லை, கழுத்தால் யாரும் எழுதுவதில்லை. எழுதினால் நீ விட்டுவிட்டுப் போன சிவப்புக் காரைப் பற்றிக் கேட்பாய், கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும், அதுதான். அம்மா இந்நேரம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள், ஆனால் அவள் சொல்லும்போது பாதியில் சிரித்துவிடுவாள், விஷயம் கெட்டுப்போகும். ஆகையால் நடந்ததை நடந்தபடி, யார் பக்கமும் சாயாமல் நானே எழுதுகிறேன்.

என் பிக்கப் வண்டி நவம்பர் இரண்டாம் வாரம் உயிரை விட்டது. மெக்கானிக் அடியில் படுத்துத் துருவை விரலால் குத்திப் பார்த்தான், எழுந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டான், அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. வேறு வண்டி பார்க்கலாம் என்றால் அந்த நேரம் பார்த்து உன் ஃப்ளரெத் பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. உயிர் பிழைத்தாள், ஆனால் டவுன் ஆஸ்பத்திரியில் தாதிகள் யார் கரண்டியை நீட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்கிறாள். உன் அம்மா கையால் கொடுத்தால் மட்டும் மத்தியானம் ஒரு வேளை சாப்பிடுகிறாள். ஞாயிறு அவள் மகன் வந்து கெஞ்சிக் கூத்தாடி ஏதோ ஊட்டுகிறான், மற்ற ஆறு நாளும் அம்மாதான். பன்னிரண்டு மணிக்குத் தட்டு வரும், பன்னிரண்டரைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், சாப்பிட்டாளா இல்லையா என்று பார்ப்பதற்கு அவர்களுக்கு நேரமில்லை. நம் வீடோ கீழே துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது, டவுனுக்குப் போக ஆலை மேட்டில் ஏறித்தான் ஆக வேண்டும், அந்த மேடு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்: “ரெண்டு தடவ லேட்டானா, மூணாவது தடவைக்கு நான் இங்க இருக்க மாட்டேன் அல்சீட். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்துக்கிட்டு மே மாசம் வரைக்கும் அங்கயே இருந்துக்கிறேன். நீ பட்டாணி சூப் வெச்சுக் குடிச்சுக்கோ.”

எனக்குச் சூப் வைக்கத் தெரியும். பயம் அதைப் பற்றியில்லை. கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் நான் அந்த வீட்டில் தனியாக இருந்தது நீ பிறந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாள் மட்டும்தான், அதிலும் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். மே மாதம் வரை என்றால் ஐந்து மாதம். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

சரி, உன் கார். முப்பத்தொரு வருடம் அந்த மேட்டில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன் நான், பதினான்கு டன் வண்டி. உன் காரைப் பார்த்தால் எனக்கு மத்தி மீன் டப்பா ஞாபகம்தான் வரும். ஆனாலும் நல்ல எண்ணத்தோடு, பனி வருமுன் டிக்கியில் முப்பது கிலோ மணல் மூட்டை நான்கு ஏற்றினேன். இந்தக் கரையில் டிசம்பருக்குள் டிக்கியில் மணல் ஏற்றாத ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை, பின்னால் பாரம் இருந்தால் சக்கரம் வழுக்காது என்பது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை மாதிரி, யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பின் சக்கரம் தள்ளுகிற வண்டிக்குத்தான் அது, உன் வண்டியை முன் சக்கரம் இழுக்கிறது என்று நீ பத்துத் தடவை சொல்லியிருக்கிறாய். போதாதென்று டாஷ்போர்டுப் பெட்டியில் உன் கையெழுத்தில் ஒரு தாள்: அப்பா, டிக்கியில் எதுவும் வைக்காதீர்கள். படித்தேன். படித்துவிட்டு அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்து மூடினேன். பாரம் பாரம்தானே, எங்கே இருந்தால் என்ன என்பது என் எண்ணம். அதன்பிறகு பனியே விழாத மூன்று வாரமும் வண்டி மேட்டில் அருமையாக ஏறியது, எல்லாம் மூட்டையின் மகிமை என்று தினமும் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி முழங்கால் அளவு பனி. மேட்டில் பாதி ஏறி, ரோட்டோரம் சிலுவை நிற்கிற திருப்பத்துக்கு வந்ததும் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டது, முன் சக்கரம் இரண்டும் இருந்த இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாட்டுப் பாடின. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் சக்கரம் திரும்புகிறது, வண்டி திரும்பவில்லை. மெதுவாக, ரொம்ப மரியாதையாக, பின்னாலேயே சறுக்கிப் போய் ஓரத்துப் பனிக் குவியலில் உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நோர்மான் பனி லாரியோடு இறங்கி வருகிறான், என்னிடம் தொழில் கற்று, நான் ஓய்வு பெற்றதும் என் லாரியையே எடுத்துக்கொண்டவன். இறங்கி வந்து உன் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். டிக்கியில் என்ன இருக்கிறது என்று கேட்டான், ஒன்றுமில்லை என்றேன். “ஒண்ணுமில்லாத டிக்கி இப்படிக் குந்தி உக்காந்து நான் பாத்ததில்லண்ணே” என்றான். சங்கிலி போட்டு இழுத்து மேலே விட்டான், ஆனால் நாங்கள் போய்ச் சேரும்போது பன்னிரண்டே முக்கால், தட்டு போய்விட்டது. பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அம்மா தன் பையிலிருந்த பிஸ்கோத்தைப் பாலில் நனைத்துக் கொடுத்துப் பார்த்தாள், அன்று அதுவும் இறங்கவில்லை.  வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டியபிறகு அவள் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: “ஒண்ணு.”

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான் என்று நீ யோசிப்பாய். நான் இன்னும் இரண்டு மூட்டை ஏற்றினேன்.

மறுநாள் சிலுவை வரைக்கும்கூடப் போக முடியவில்லை, மேடு ஆரம்பிக்கிற இடத்திலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒன்று உதித்தது. இழுக்கிற சக்கரம் சரிவில் கீழ்ப் பக்கம் இருந்தால் வண்டியின் பாரமெல்லாம் அதன்மேல் வந்து உட்காரும், ஆகையால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினால் ஏறும். ஏறியது, ஓடில். முக்கி முனகி, ஆனால் ஏறியது. தட்டு எடுக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம், பெரியம்மா அரைத் தட்டு சாப்பிட்டாள், அம்மா இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து அரை மணி முன்னதாகவே கிளம்பி ஐந்து நாள் நான் ஆலை மேட்டில் பின்பக்கமாகவே ஏறினேன். இருபத்தைந்து நிமிடம் தலையைப் பின்னால் திருப்பிக்கொண்டு நான், முன் கண்ணாடி வழியாகக் கீழே ஊரைப் பார்த்துக்கொண்டு அம்மா. தபால் ஆபீஸ் ஜன்னலில் பதினொன்றேகாலுக்குக் கூட்டம் கூடியது. முதல் நாள் அவர்கள் கையாட்டினார்கள், இரண்டாம் நாள் முதல் அம்மாவும் திருப்பிக் கையாட்டினாள், திருவிழாவில் தேரில் போகிறவள் போல. எனக்கு அது பிடிக்கவில்லை. இப்படிப் போவதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். நாற்பத்தாறு வருஷமா நீ முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தானே போற, எனக்குப் பழக்கம்தான் என்றாள்.

ஆறாம் நாள் காலையில் எழுந்தால் கழுத்து பூட்டிக்கொண்டுவிட்டது. மரக்கட்டை. அம்மாவிடம் சொன்னால் ரூம், மே மாதம் என்று ஆரம்பிப்பாள் என்று மூடி மறைத்தேன், மஃப்ளரைச் சுற்றிக்கொண்டேன், கண்ணாடியில் பார்த்தே ரிவர்ஸில் ஏற்றிவிடலாம் என்று துணிந்தேன். கண்ணாடியில் இடது எது வலது எது என்று பனியில் ஒரு நொடி தடுமாறினால் போதும். சிலுவைக்குக் கீழே வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது, மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. மணி பதினொன்று நாற்பது. அன்றைக்குப் பார்த்து நோர்மான் அடுத்த ஊர்ப் பக்கம் போயிருந்தான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், வேறு பக்கம் பார்க்கவும் முடியாது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, இரண்டு, அவ்வளவுதான், இன்றைக்குச் சாயங்காலம் இவள் பெட்டி கட்டுவாள் என்று தோன்றியது. 

அம்மா கைப்பையை மூடினாள். “அல்சீட், இறங்கு” என்றாள்.

எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். “இறங்கி, டிக்கியில இருக்கறத எல்லாம் வெளிய போடு. சீக்கிரம்.” போட்டேன், பூட்டிய கழுத்தோடு ஆறு மூட்டை. அதற்குள் அவள் இறங்கி வந்து ஒரு மூட்டையைச் சாவியால் கிழித்து, மணலை இரண்டு கையாலும் அள்ளி முன் சக்கரங்களுக்கு அடியில் வீசினாள். நான்கு வாரமாக டிக்கியில் ஊர்வலம் போன மணல் அன்றுதான் தான் இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. பிறகு அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, தலைக்கு மேல் கண்ணாடியைச் சரிசெய்தாள். அதைச் செய்த விதத்திலேயே எனக்கு ஏதோ உறைத்தது, முதல் தடவை உட்காருகிறவள் கண்ணாடியை அப்படித் தொடமாட்டாள். நான் பின்னால் போய்த் தள்ளலாம் என்று நடந்தேன். “எங்க போற? தள்ள வேணாம். முன்னாடி வந்து உக்காரு. இந்த வண்டிக்குப் பாரம் முன்னாடி இருக்கணும். உன்னோட நூத்திப் பன்னெண்டு கிலோவ வீட்டுலயே வெச்சுக்கிட்டு, கடைக்குப் போய் மணல் வாங்கினியே கிழவா.”

உட்கார்ந்தேன். அவள் வண்டியை நேராக்கி, கீழே சமதளம் வரை இறக்கி, திருப்பி, எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த பால் வண்டி மேட்டைத் தாண்டி மறைகிற வரை காத்திருந்தாள். நேரமாகிறது என்றேன், அவள் மேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் இரண்டாம் கியரில், காலை ஒரே அளவில் வைத்து, அவசரமும் இல்லை தயக்கமும் இல்லை, பிரேக்கைத் தொடவே இல்லை. சிலுவைத் திருப்பத்தில் சக்கரம் பாட ஆரம்பித்தது. நானாக இருந்தால் இன்னும் அழுத்தியிருப்பேன், அழுத்து என்று சொல்லவும் செய்தேன். அவள் காலைக் கொஞ்சம் தூக்கினாள். ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டினாள், சக்கரம் எதையோ பிடித்துக்கொண்டது, வண்டி ஏறிவிட்டது. பன்னிரண்டு அடித்து மூன்று நிமிடத்தில் தட்டுக்கு முன்னால் இருந்தோம். பெரியம்மா மசித்த உருளைக்கிழங்கு முழுவதும், புட்டிங்கில் பாதியும் சாப்பிட்டாள், மீதிப் பாதியை எனக்குக் கொடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று வரும்போது கேட்டேன். துறைமுகத்து வெட்டவெளியில், போன பிப்ரவரியில், ஓடில் சொல்லிக்கொடுத்தாள் என்றாள். இப்போது எனக்கு எல்லாம் புரிகிறது மகளே. நீ கிளம்புவதற்கு முன் மூன்று சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் திரைச்சீலைத் துணி வாங்கப் போனீர்கள், சமையலறை ஜன்னலில் இன்றைக்கும் பழைய திரைச்சீலைதான் தொங்குகிறது. வருடா வருடம் பிறந்தநாளுக்கு அவள் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தபோது, எதற்கு, படம் அழகாக விழுகிறது என்றா என்று நான் கேலி செய்திருக்கிறேன். எனக்கு ஒரு தாள், அவளுக்கு மூன்று சனிக்கிழமை. யாருக்கு என்ன சொன்னால் ஏறும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன், எழுதி வரும்போது கோபத்தைக் காணவில்லை. நீ செய்தது நல்லது. உன் பேச்சைக் கேட்காதது என் தப்பு.

அன்றிலிருந்து ஓட்டுவது அவள், முன் இருக்கையில் பாரம் நான், இன்றுவரை ஒருநாள்கூடத் தாமதமில்லை, பெரியம்மா நான்கு கிலோ ஏறியிருக்கிறாள், ரூம் பற்றிய பேச்சும் இல்லை. மிச்சம் ஐந்து மூட்டையையும் நோர்மான் எடுத்துப் போய் மேட்டில் தூவிவிட்டான், டக்காருக்கு அனுப்பலாமா அண்ணே என்று கேட்டான், அங்கே மணலுக்குப் பஞ்சமில்லை என்று எழுதியிருக்கிறாள் என்றேன். மணலில் வண்டி ஓட்டுவது பற்றி உனக்கு அறிவுரை வேண்டுமென்றால் அம்மாவைக் கேள், நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, அது மட்டும் நான் சொல்வேன்.

போன வியாழக்கிழமை நல்ல வெயில். மேட்டில் பனி சுத்தமாக இல்லை, ரோடு காய்ந்து சாம்பல் நிறமாகக் கிடந்தது, மிதிவண்டிகூட ஏறிவிடும். இனி நான் எதற்கு என்று நினைத்து, வீட்டுச் செருப்போடு அடுப்பங்கரையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வாசலில் ஹாரன் அடித்தது. இரண்டு தடவை அடித்தது. வெளியே போய், பனியெல்லாம் போயாச்சே, இன்னும் எதுக்குப் பாரம் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், கையை மட்டும் நீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

“ஏறு” என்றாள்.

கடவுள் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் கொடுக்கட்டும், உன் வேலை தடையில்லாமல் நடக்கட்டும். அம்மாவின் முத்தங்களும் இதோடு வருகின்றன. ஜூலையில் நீ வரும்போது ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: காரில் நீ பின்னால்தான் உட்கார வேண்டும். முன் இருக்கை என்னுடையது.

உன் அன்பு அப்பா,
அல்சீட்