மேலே ஒன்று, கீழே ஒன்று

மார்ச் 3

என் அக்கா பெற்ற வாலுக்கு,

பத்து லட்சம் பேரை ஏற்றி இறக்கிய என் பஸ் ஸ்டியரிங்கின் மேல் ஆணை: இனி வருவதை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நீயும்தான்.

நீ அனுப்பிய கையடக்க வீடியோ கேமை டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து ஆடுகிறேன். கதாநாயகன் இரும்புக் கதவருகே போனதும் ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு, நீ செய்த சினிமாக் காட்சி ஓடுகிறது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை. என் கட்டைவிரல் இரண்டுக்கும் வேலை போயிற்று. அவன் என்னைக் கேட்காமலே கதவைத் திறக்கிறான். உள்ளே ஏழு மாடி உயர ராட்சசன்! எட்டிப் பார்த்த கண்டக்டர் மூன்று நாள் லீவு.

அதோடு விட்டதா? நேற்று பாலத்தில் பஸ்ஸை ஏற்றுகிறேன், அங்கேயும் அதே பட்டைகள்! ஒன்று சிக்னலை விழுங்கியது, ஒன்று ரோட்டை. நாற்பது பயணிகளும் மெதுவாகத் தலையைத் திருப்பினார்கள். பின்னணி இசைகூட வந்தது. காட்சியைத் தாண்ட ஹாரனை அமுக்கினேன், தாண்டவில்லை. அந்தப் பட்டையை எடுத்துத் தொலை.

வீரதீர மாமன்

மார்ச் 9

அன்புள்ள மாமா,

கடிதத்தை ஆபீஸில் சத்தமாக வாசித்தேன். ஒரே சிரிப்பு. பக்கத்து மேஜைக்காரி, "உங்க மாமாவ இங்கயே கதை எழுத வச்சுக்கலாம்டி" என்றாள். அப்புறம் அவளே, "ஆமா, பட்டையத்தான் நாம எடுத்துட்டோமே?" என்றாள்.

உண்மைதான் மாமா. பட்டை பெரிய டிவியில் ஆடுகிறவர்களுக்கு மட்டும். கையடக்கத் திரை சின்னது என்று நானே எடுத்தேன். உங்களுக்கு அனுப்பியதில் பட்டையே கிடையாது. மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

எங்கே பார்த்தீர்கள்? தயவுசெய்து பஸ்ஸை எடுக்காதீர்கள். போனையாவது எடுங்கள்.

வாலு

மார்ச் 14

வாலு,

கையெழுத்து கோணல், பொறுத்துக்கொள். போனை எடுக்காதது பயத்தில். உன் குரல் கேட்டால் எனக்குப் பொய் வராது.

ராட்சசன் ஆளுயரம்தான். கண்டக்டருக்கு வயிற்றுப்போக்கு. இசையும் இல்லை, ஹாரனும் இல்லை. பாலத்தில் ஒருத்தரும் தலையைத் திருப்பவில்லை. நாற்பது பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உன் கடிதம் வந்ததும் பஸ் சாவியை மேனேஜர் மேஜையில் வைத்தேன். "என்னய்யா ஆச்சு?" என்றார். "பெரிய கதை சார், நம்ப மாட்டீங்க." நாளைக்குக் கண் டாக்டர்.

சின்னதாக ஒன்று மட்டும் உண்மை: பட்டைகள். கேமை அணைத்துப் பெட்டியில் போட்டு இரண்டு நாளாகிறது, இன்னும் போகவில்லை. நீ வந்தால் நேர் எதிரே வந்து நில். நடுவில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

மாமா