கூடைத் தீவின் ரத்தச் செடி

ஷிபு துறை
2012 பிப்ரவரி 20

அன்புள்ள லான்யிங் அக்காவுக்கு,

தம்பி கென்ஷூ எழுதுவது. முழுக்க என் கையால். எழுபத்திரண்டு வயதில் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன். இந்த ஒரு பக்கத்துக்காகக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நம் கடலில் இருக்கும் பதினொரு தீவுகளில் நான்கை மட்டும் செடிகொடிகளுக்காகக் காக்கப் போகிறார்களாம். மற்றவற்றைக் கல் உடைக்க விட்டுவிடுவார்கள். செடி எண்ண வந்திருக்கும் ஃபாங் அம்மா என் படகில்தான் போய் வருகிறார். நாம் பிறந்த கூடைத் தீவில் இப்போது யாரும் இல்லை. ஆனால் அம்மாவின் கல்லறை இருக்கிறது. அதை எப்படி உடைக்க விடுவது? எண்ணிக்கை கூடட்டும் என்று மற்ற தீவுகளிலிருந்து அறுபது வகைச் செடிகளைப் பிடுங்கி வந்து அங்கே நட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லாதே.

தம்பி கென்ஷூ

மார்ச் 5

அக்கா,

மாட்டிக்கொண்டேன். சர்க்கரைவள்ளி நடுவது போல வரப்பு கட்டி, முழம் போட்டு, வரிசையாக நட்டிருக்கிறேன். கைப்பழக்கம். ஃபாங் அம்மா மேடேறியதும் நின்றுவிட்டார்.

"தாத்தா, காடு இப்படி வரிசையிலயா நிக்கும்?"

திட்டவில்லை. எல்லாவற்றையும் என்னையே பிடுங்க வைத்தார். பிறகு சொன்னதுதான் வலித்தது. நான்கு தீவுகளையும் சேர்த்தால் எல்லா வகைச் செடியும் அதில் வந்துவிட வேண்டுமாம். அடுத்த தீவில் இருப்பதே இங்கும் இருந்தால் இந்தத் தீவு எதற்கு?

"வேற எங்கயும் இல்லாதது ஒன்னே ஒன்னு காட்டுங்க தாத்தா, போதும்."

இருபத்தைந்தாம் தேதி முடிவு. மேடு முழுக்கத் தேடிவிட்டேன். ஒன்றும் இல்லை.

கென்ஷூ

நிங்போ
மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

மருமகள் படித்துக் காட்ட வந்தாள். கொடுக்கவில்லை, நானே படித்தேன். உன் எழுத்து நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடுகிறது. திருட்டுத்தனமாக நடுகிறவனுக்கு வரிசை எதற்கடா?

கிணற்றுக்குப் பின்னால், பாறை இடுக்கில் பார்த்தாயா? இலையின் அடிப்பக்கம் சிவந்திருக்குமே, அந்தச் செடி. மென்று சிவப்பாகத் துப்பி, வாயில் ரத்தம் என்று அம்மாவிடம் காட்டி, வலை பின்னாமல் நாள் முழுக்கப் படுத்திருப்போமே. இந்த அறுபது வருஷத்தில் வேறெங்கும் அதை நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

முழங்கால் வலித்தாலும் இந்த சிங்மிங் திருநாளுக்கு வருகிறேன். அம்மா கல்லறையைக் கூட்ட வேண்டும்.

லான்யிங்

ஷிபு துறை
மார்ச் 27

அக்கா,

இருந்தது. ஒன்பது செடிகள். ஃபாங் அம்மா மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். மற்ற பத்துத் தீவிலும் இது இல்லையாம். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போடப் போனேன், கையில் ஒரு அடி விழுந்தது. கூடைத் தீவு பட்டியலில் வந்துவிட்டது. இனி யாரும் கால் வைக்க முடியாது.

யாரும் என்றால் நாமும்தான். சிங்மிங்குக்கு ஒரே ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். செருப்பில் வேற்று விதை ஒட்டி வரும் என்றார். அறுபது வகைச் செடியையே கொண்டுபோனவன் நான்தானே.

ஆனாலும் நீ வா. அம்மாவுக்குப் படைக்கிற பச்சை நிறக் கொழுக்கட்டை செய்து எடுத்து வா. படகிலேயே தீவை மூன்று சுற்று சுற்றுவோம். கிணற்றுப் பக்கம் வந்ததும் எஞ்சினை நிறுத்துகிறேன். கல்லறையில் புல் மூடியிருக்கும். ஏன் கூட்டவில்லை என்று அம்மா கேட்டால், வாயில் ரத்தம் என்று சொல்லிக்கொள்வோம்.

உன் தம்பி
கென்ஷூ