விழுங்கிய இருமல்

பிப்ரவரி 9, ஞாயிறு

தீவிர சிகிச்சைப் பிரிவு. பெயரிலேயே பிரிவு. கண்ணாடிக்கு உள்ளே அப்பா, வெளியே நானும் அம்மாவும். மதுரைக்கு வந்ததிலிருந்து இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு பைபாஸ் முடிந்தது. இதயம் இன்னும் தானாக ரத்தத்தை இறைக்கத் தடுமாறுவதால், தொடை வழியாக ஒரு பலூனை உள்ளே விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு மெஷின் அதை ஊதி ஊதிச் சுருக்குகிறது. திருவிழாவில் எனக்கு ஒரு பலூன் வாங்கித் தராத மனுஷன்!

பிசியோதெரபி கலைச்செல்வி அக்கா கறாராகச் சொன்னார்: அப்பா இருமிச் சளியைத் துப்பியே ஆகவேண்டும். நெஞ்சில் தங்கினால் நிமோனியா; மறுபடி வாயில் குழாய்; இந்த இதயம் அதைத் தாங்காது.

பிப்ரவரி 10

அப்பா இருமவே இல்லை. ஜெபத்தின் பலன் என்று அம்மா வராந்தா முழுக்கச் சாட்சி சொல்கிறாள். கடலில் சங்கு குளிக்கிற நெஞ்சு அப்படித்தான் என்று எங்கள் ஊர் பாம்பனிலிருந்து வந்தவர்களும் பாராட்டிவிட்டு, வடையும் தின்றுவிட்டுப் போனார்கள்.

ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அனுமதி. வாட்ச்மேனிடம் நாங்கள் ரெட்டைப் பிள்ளைகள் என்று சொல்லி இரண்டாவது தடவையும் உள்ளே போனேன். அப்போதுதான் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, உதட்டை இறுக்கி, ஒரே முழுங்கு.

இது எனக்குத் தெரிந்த வித்தை. படகேறும்போது இருமினால், சளிக்காரன் மூச்சடக்க முடியாது என்று படகு முதலாளி சம்மாட்டி கரையிலேயே விட்டுவிடுவார். அன்றைக்கு வேலை போச்சு. அதனால் அப்பா இருமலை விழுங்கப் பழகியவர். இங்கே என்ன படகா ஓடுது?

கேட்டேன்.

"சத்தம் போடாத பிள்ள. சளின்னு தெரிஞ்சா இங்கனயே போட்டுருவாங்க. வெளிய சொன்னே, நீ என் மக இல்ல."

பிப்ரவரி 11

சொல்லவில்லை. என்மேலேயே பத்திக்கிட்டு வருது.

பிப்ரவரி 12

காய்ச்சல். இடது நுரையீரலின் அடிப்பக்கம் எக்ஸ்ரேயில் வெள்ளையாக இருக்கிறதாம். அம்மா முழங்காலில் நிற்கிறாள். டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். எல்லாரும் மெஷினைப் பார்க்கிறார்கள், ஒருத்தராவது அந்த ஆளோட தொண்டையப் பாக்குறாங்களா?

அப்பா கட்டில் பக்கத்தில் நின்றே கலைச்செல்வி அக்காவிடம் சொல்லிவிட்டேன். "இருமல் வருதுக்கா. முழுங்குறாரு."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

அக்கா ஒரு தலையணையைத் தையல்மேல் வைத்து அவரை அணைத்துப் பிடிக்கச் சொன்னார். "இருமுங்கண்ணே. இருமுற ஆளத்தான் நாங்க சீக்கிரம் அனுப்புவோம்." இருமினார். வலியில் கண்ணீர் ஓடியது. கிண்ணத்தில் விழுந்ததைப் பார்த்து அம்மா ஜெபத்தை நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரி 14

காய்ச்சல் இறங்குகிறது. அப்பா என்னோடு பேசவில்லை. நாலு பேர் முன்னால் அப்பாவைக் காட்டிக் கொடுத்தேனாம், அம்மாவும் முகம் கொடுக்கவில்லை. ஜெபத்துக்கு மட்டும் நன்றி உண்டு, எனக்குக் கிடையாது. இதுதான் நியாயமா? நான் செஞ்சது தப்புன்னா செத்தாலும் திருந்த மாட்டேன்.

பிப்ரவரி 18

நேற்று பலூனை எடுத்துவிட்டார்கள். இன்று வார்டு. அப்பா சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போதுகூட வேறுபக்கம் பார்த்தார்.

பக்கத்துக் கட்டிலில் முனீஸ்வரன், தொண்டிக்காரர், அவருக்கும் பைபாஸ். மத்தியானம் நர்ஸ் வந்ததும் அவர் முகத்தைத் திருப்பி எதையோ விழுங்கினார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஜாஸ்லின், அந்தக் கலைச்செல்வியக் கூப்பிடு. இவரு முழுங்குறாரு."

கூப்பிட்டேன். முனீஸ்வரன் அப்பாவை முறைத்தார். அப்பா என்னைப் பார்த்தார்.