எனக்கு மட்டும் டீ

லிங்கன்ஷயர், இங்கிலாந்து
ஜூன் 2016

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டி வலி குறைந்ததா? லிதுவேனியாவில் மழை எப்படி? நான் நலம். இங்கே ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்துவிட்டார்கள், அவ்வளவுதான். பயப்படாதே.

எங்கள் முட்டைக்கோஸ் ஆலையில் யார் டீ போட்டாலும் எல்லோருக்கும் போட வேண்டும். நேற்று என் முறை. என்னோடு ஐந்து வருடமாகப் பொட்டலம் கட்டும் உள்ளூர்க்காரி கிளென்டா சொன்னாள்:

"பத்து வருஷமா கூலி ஏறல. ஊரெல்லாம் வெளிநாட்டுக்காரங்க. என்ன வேணும்னு எங்களை இப்பதான் ஒருத்தன் கேட்டான், எல்லாரும் போங்கடான்னு ஓட்டுப் போட்டுட்டோம். உன்னைச் சொல்லலடி, மத்தவங்களை. எனக்கு ரெண்டு சர்க்கரை."

எனக்கு மட்டும் போட்டுக் குடித்தேன். இன்று எல்லோர் கோப்பையும் தொங்கும் ஆணி வரிசையில் என் கோப்பையை மட்டும் காணோம்.

அந்தப் பழைய நீலக் கோப்பையை அனுப்பு. கம்பளிக் காலுறையும். ஷிப்டு மணி அடித்துவிட்டது.

இப்படிக்கு,
மத்தவங்களில் ஒருத்தி,
உன் டைவா